மெய்யியலுக்கு முன்படிப்பு: இங்கிலாந்தின் அடித்தள ஆண்டு பற்றி ஒரு மதிப்பீடு

இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் இளங்கலைப் பட்டம் பெரும்பாலும் மூன்றாண்டுப் படிப்பு. அதற்கு முன்னால் இன்னோர் ஆண்டைச் சேர்த்து, தொடக்கத்திலேயே நான்காண்டுப் படிப்பாக மாணவரைச் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு 'ஃபவுண்டேஷன் இயர்', அதாவது அடித்தள ஆண்டு, என்று பெயர். 'பூச்சிய ஆண்டு' என்ற வழக்கும் உண்டு. பள்ளி இறுதித் தேர்வான ஏ-லெவலில் போதிய தரம் பெறாதவர்கள், பொருந்தாத பாடங்களை எடுத்தவர்கள், நோயாலோ குடும்பச் சுமையாலோ படிப்பை இடையில் விட்டுப் பல ஆண்டுகள் கழித்துத் திரும்புகிறவர்கள் ஆகியோருக்காக அது அமைக்கப்பட்டிருக்கிறது. அதில் பெறும் மதிப்பெண் பட்டத்தின் வகுப்பைத் தீர்மானிப்பதில்லை. குறித்த தேர்ச்சியை அடைந்தவர் முதலாம் ஆண்டுக்குள் நேரே செல்லலாம். பொறியியலிலோ வேதியியலிலோ இந்த ஆண்டின் வேலை என்ன என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. பள்ளியில் உயர்கணிதம் படிக்காதவர் அதைப் படித்துவிட்டு மேலே போகிறார். மெய்யியலில் அப்படி ஒரு விடுபட்ட பாடத்தைச் சுட்டிக்காட்ட முடியாது, ஏனென்றால் பள்ளியில் மெய்யியல் படித்திருக்க வேண்டும் என்று மெய்யியல் துறைகள் பொதுவாகக் கேட்பதே இல்லை. முன்படிப்பைக் கேட்காத ஒரு துறைக்கு முன்படிப்பு ஆண்டு எதற்கு என்ற கேள்விக்கு ஒரு திட்டம் என்ன விடை வைத்திருக்கிறது என்பதைக் கொண்டுதான் அதன் தகுதியை நிறுத்துப் பார்க்க வேண்டும்.

துறைகள் ஏன் கேட்பதில்லை என்பதற்கு விடை பள்ளி அமைப்பிலேயே இருக்கிறது. பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வில் மெய்யியல் ஒரு பாடமாக இல்லை. ஏ-லெவலில் மாணவர்கள் பெரும்பாலும் மூன்றே பாடங்களை எடுக்கிறார்கள். ஏ-லெவல் பாடங்களுள் மெய்யியலை ஏ.கியூ.ஏ. என்ற ஒரே தேர்வு வாரியம் நடத்துகிறது, அதைக் கற்பிக்கும் பள்ளிகளும் குறைவு. அறிவு பற்றிய ஆய்வு, ஒழுக்கவியல், கடவுள் பற்றிய மெய்ப்பொருளியல், மனம் பற்றிய மெய்ப்பொருளியல் என்ற நான்கு பகுதிகள் கொண்ட நல்ல பாடத்திட்டம்தான் அது. ஆனால் அது கிடைக்காத பள்ளிகளில் படிக்கும் மாணவருக்கு மெய்யியலோடு ஏற்படும் முதல் அறிமுகம் சமயக் கல்விப் பாடத்தின் வழியாக நிகழ்கிறது, அல்லது நிகழ்வதே இல்லை. பொதுப்பிரிவுப் பாக்கலோரேயாத் தேர்வுக்குப் போகும் மாணவர் அனைவரும் மெய்யியலில் நான்கு மணி நேரத் தேர்வு எழுதவேண்டிய பிரான்ஸோடு ஒப்பிட்டால் இந்த வெறுமை நன்றாகத் தெரியும். ஆகவே இங்கிலாந்தில் முதலாம் ஆண்டில் நுழைகிறவர்களிலும் பலர் பாடத்தில் தொடக்கநிலையினரே. துறைகளும் அவ்வாறே எண்ணி முதலாம் ஆண்டை அறிமுக ஆண்டாக அமைத்திருக்கின்றன. பாடம் தெரியாமை அடித்தள ஆண்டு மாணவருக்கு மட்டும் உரிய குறை என்று சொல்லும் விளம்பரக் கையேட்டை நம்ப வேண்டியதில்லை.

அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது? வாதத்தைக் கையாளும் பழக்கத்தில் இருக்கிறது. மெய்யியலில் வாதம் என்பது சில கூற்றுகளை ஆதாரமாக வைத்து அவற்றிலிருந்து ஒரு முடிவை எடுப்பது; ஆதாரமாக நிற்கும் கூற்றுகளை எடுகூற்றுகள் என்பர். எடுகூற்றுகள் உண்மையாக இருந்தால் முடிவு பொய்யாக இருக்கவே முடியாது என்றால் அந்த வாதம் வலிதானது. 'பொய் சொல்வதெல்லாம் தவறு; இறக்கும் தறுவாயில் இருந்தவரிடம் மருத்துவர் சொன்ன ஆறுதல் பொய்; ஆகவே மருத்துவர் செய்தது தவறு' என்பது வலிதான வாதம். முடிவு பிடிக்கவில்லை என்று உடனே மறுக்கும் மாணவர் இன்னும் மெய்யியலுக்குள் வரவில்லை. முடிவை மறுக்க வேண்டுமானால் இரண்டு எடுகூற்றுகளில் ஒன்றைக் கைவிட்டே ஆகவேண்டும், அதைக் கைவிட்டால் வேறு எவற்றையெல்லாம் கைவிட நேரும் என்று கண்டுபிடிக்கும்போதுதான் வேலை தொடங்குகிறது. எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் மிக வலுவான வடிவில் எடுத்துச் சொல்லிவிட்டுப் பிறகு மறுப்பது, நாற்பது பக்கக் கட்டுரையில் ஆசிரியர் தம் கருத்தைச் சொல்லும் இடம் எது, பிறர் கருத்தைச் சொல்லும் இடம் எது என்று பிரித்தறிவது, பேராசிரியர் முன்னிலையில் 'இது எனக்குச் சரியாகப் படவில்லை' என்று சொல்லும் துணிவு ஆகியவை அனைத்தும் இதைச் சேர்ந்தவை. வீட்டிலும் நல்ல பள்ளியிலும் இவற்றைப் பழகி வந்தவர் இவற்றை ஒரு திறனாகவே உணர்வதில்லை. பழகாதவரோ தம் அறிவில்தான் குறை என்று முடிவு கட்டிவிடுகிறார். இந்த இடைவெளியை நிரப்பக் காலம் வேண்டும். அந்தக் காலத்தைத் தருவதே அடித்தள ஆண்டின் உண்மையான நியாயம். மதிப்பெண் பட்டத்தில் சேராது என்பதை ஒரு பெரிய சலுகையாகச் சொல்வது மட்டும் அவ்வளவு பொருந்தாது, ஏனெனில் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் முதலாம் ஆண்டு மதிப்பெண்ணும் பட்டத்தின் வகுப்பில் சேர்வதில்லை.

இந்த ஏற்பாட்டின் வரலாற்றில் பலரும் மறந்துவிட்ட ஒரு தொடக்கம் இருக்கிறது, அதில் மெய்யியலுக்கே நடு இடம். 1950இல் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகருக்கு அருகே கீல் என்னும் இடத்தில் வட ஸ்டாஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகக் கல்லூரி மாணவரைச் சேர்க்கத் தொடங்கியது. 1962இல் அதுவே கீல் பல்கலைக்கழகமாயிற்று. அதன் முதல் தலைவர் ஏ. டி. லிண்ட்சே ஒரு மெய்யியலாளர். கிளாஸ்கோவில் பிறந்து, அங்கே ஒழுக்க மெய்யியல் பேராசிரியராக இருந்து, 1924 முதல் 1949 வரை ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரித் தலைவராக விளங்கி, பிளேட்டோவின் 'குடியரசு' நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். மட்பாண்டத் தொழிலாளர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் நிறைந்த அந்தப் பகுதியில் பொருளியல் வரலாற்றறிஞர் ஆர். எச். டானி 1908இலேயே தொழிலாளருக்கான மாலை வகுப்புகளை நடத்தியிருந்தார். அந்த வயதுவந்தோர் கல்வி இயக்கத்தில் லிண்ட்சேயும் ஊறியவர். கீலில் அவர் பட்டப்படிப்பை நான்காண்டாக்கி, முதல் ஆண்டை எல்லா மாணவருக்கும் கட்டாயமான அடித்தள ஆண்டாக வைத்தார். கிரேக்க நாகரிகத்தில் தொடங்கி நவீன அறிவியலின் வளர்ச்சி வரை செல்லும் பொது விரிவுரைகளை இயற்பியல் படிக்க வந்தவரும் இலக்கியம் படிக்க வந்தவரும் ஒன்றாக அமர்ந்து கேட்டனர். கலைப்பாட மாணவர் ஓர் அறிவியலையும் அறிவியல் மாணவர் ஒரு கலைப்பாடத்தையும் தொட்டுத்தான் ஆகவேண்டும். எந்தப் பாடத்தில் பட்டம் பெறுவது என்பதை அந்த ஆண்டின் இறுதியில் மாற்றிக்கொள்ளவும் முடிந்தது.

இந்த அமைப்பில் கவனிக்க வேண்டியது அதன் சமத்துவம். யாரும் குறைபட்டவராக அந்த ஆண்டுக்குள் வரவில்லை. சிறந்த தேர்ச்சியோடு வந்தவருக்கும் அது உண்டு, ஏனெனில் பதினாறு வயதிலேயே மூன்று பாடங்களுக்குள் சுருங்கிவிடும் ஆங்கிலப் பள்ளிக்கல்வியையே லிண்ட்சே குறையாகக் கருதினார். பள்ளியில் கண்டிராத மெய்யியலை ஒரு மாணவர் தற்செயலாகச் சந்தித்து, அதிலேயே தங்கிவிடவும் இதில் வழி இருந்தது. கீலின் முதல் மெய்யியல் பேராசிரியர் டபிள்யூ. பி. கேலி, அடிப்படையிலேயே கருத்துவேறுபாட்டுக்கு உரிய கருத்தாக்கங்கள் பற்றிய ஆய்வுக்காக இன்றும் பேசப்படுபவர். கீல் முயற்சியைப் பற்றி 1960இல் ஒரு நூலே எழுதினார். அவருக்குப் பின் அந்த இருக்கைக்கு வந்தவர் ஆண்டனி ஃப்ளூ. தொடக்கநிலை மாணவருக்குப் பாடம் நடத்துவதைத் தகுதிக்குறைவாக எண்ணாத ஒரு நிறுவனம் அத்தகைய பேராசிரியர்களை ஈர்த்தது என்பது தற்காலத்துக்கும் பொருந்தும் செய்தி. ஆனால் நான்காவது ஆண்டுக்கான செலவை ஏற்க அரசு தயங்கியதும், மற்ற இடங்களில் மூன்றாண்டில் முடிவதற்கு இங்கே ஏன் நான்காண்டு என்ற மாணவர் தயக்கமும் சேர்ந்து, 1970களில் மூன்றாண்டுப் படிப்புகளும் கீலுக்குள் வந்தன. கட்டாய ஆண்டு விருப்ப ஆண்டாயிற்று. 1971இல் கற்பிக்கத் தொடங்கிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம், நுழைவுத் தகுதியே கேட்காமல், அனைவரையும் ஓர் அடித்தளப் பாடத்தில் தொடங்கவைத்து அந்த எண்ணத்தின் ஒரு பகுதியைக் காப்பாற்றியது.

லிண்ட்சே புதிதாக ஒன்றைப் படைத்தார் என்பதைவிட, தம் ஊர் மரபை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார் என்பதே பொருத்தம். ஸ்காட்லாந்தில் சிறப்புப் பட்டம் நான்காண்டுப் படிப்பு. முதல் இரண்டு ஆண்டுகளில் மாணவர் பல பாடங்களை எடுப்பதும், அவற்றுள் மெய்யியலும் ஒன்றாக இருப்பதும் அங்கே இயல்பு. மெய்யியல் அனைவருக்கும் கட்டாயமாக இருந்த காலத்தை ஸ்காட்லாந்து மெய்யியலாளர் ஜார்ஜ் டேவி 1961இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். எடின்பரோவில் முதலாம் ஆண்டு என்று அழைக்கப்படும் ஆண்டு செய்யும் வேலையில் ஒரு பகுதியை இங்கிலாந்தில் பூச்சிய ஆண்டு செய்கிறது. எண் மாறும்போது மாணவரின் தகுதி பற்றிய எண்ணமும் மாறிவிடுகிறது என்பதுதான் வருத்தம்.

இன்றைய திட்டங்களுள் லிண்ட்சேயின் எண்ணத்துக்கு மிக அருகில் வருவது பிரிஸ்டல் பல்கலைக்கழகம் 2013இல் தொடங்கிய கலை, மானுடப் பண்பியல் அடித்தள ஆண்டு. அதை அமைத்தவர்களுள் ஒருவரான ரிச்சர்ட் பெட்டிக்ரூ, நம்பிக்கையின் அளவைக் கணித முறையில் ஆராயும் அறிவாய்வியலில் பெயர்பெற்ற மெய்யியலாளர். வரலாற்றாசிரியர் ஜோசி மெக்லெல்லனும் இலக்கியத் துறையைச் சேர்ந்த டாம் ஸ்பெர்லிங்கரும் உடனிருந்தனர். முறையான தகுதிகள் இல்லாதவரையும் விண்ணப்பத்திலும் நேர்காணலிலும் தெரியும் ஆர்வத்தைக் கொண்டு சேர்த்துக்கொள்வது இதன் தனித்தன்மை. மனிதராக இருப்பது என்றால் என்ன என்ற ஒரே கேள்வியை வரலாறு, இலக்கியம், மெய்யியல், இசை எனப் பல துறைகளின் வழியாக அணுகும் ஒரு பொதுப்பாடம் அதன் மையத்தில் இருக்கிறது. பல்கலைக்கழகங்கள் யாருக்காக என்று கேட்டு இம்மூவரும் 2018இல் வெளியிட்ட நூலில், பதினெட்டு வயதில் ஒருமுறை மட்டும் திறந்து மூடும் கதவாகப் பல்கலைக்கழகம் இருப்பதையே கேள்விக்கு உட்படுத்துகிறார்கள். இத்தகைய திட்டத்தில் மாணவர் மெய்யியலுக்கு 'ஆயத்தம்' செய்வதில்லை. முதல் வாரத்திலிருந்தே மெய்யியல் செய்கிறார். இதுவே சரியான முறை என்று தோன்றுகிறது. வாதிடக் கற்பதற்கு வாதிடுவதைத் தவிர வேறு முன்பயிற்சி இல்லை.

ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் சென்ற வழி வேறு. டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் முன்மாதிரியைப் பின்பற்றி ஆக்ஸ்ஃபோர்டின் லேடி மார்கரெட் ஹால் கல்லூரி 2016இல் ஒரு சிறிய அடித்தள ஆண்டைத் தொடங்கியது. கேம்பிரிட்ஜில் கலை, மானுடப் பண்பியல், சமூக அறிவியல் துறைகளுக்கான அடித்தள ஆண்டுக்கு 2022இல் முதல் அணி வந்தது. 2023இல் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டின் ஆஸ்ட்ரோஃபோரியா திட்டத்தில் மெய்யியல், அரசியல், பொருளியல் ஆகிய மூன்றும் சேர்ந்த படிப்புக்கும் இடமுண்டு. கொடையாளர் பணத்தில் நடப்பதால் மாணவருக்குச் செலவில்லை, வகுப்புகளும் சிறியவை. தாழ்வுகள் இரண்டு. கேம்பிரிட்ஜ் கேட்பது மூன்று பி தரத்துக்கு ஈடான 120 புள்ளிகள். வழக்கமான கலைப்பாடச் சேர்க்கைக்கு அங்கே ஒரு ஏ-ஸ்டாரும் இரண்டு ஏக்களும் வேண்டும் என்பதால் இது பெரிய தளர்வுதான், ஆனால் மூன்று பி பெற்றவர் வேறு பல நல்ல பல்கலைக்கழகங்களில் அடித்தள ஆண்டே இல்லாமல் மெய்யியலில் சேர்ந்துவிட முடியும். ஆகவே இத்திட்டங்கள் படிப்பு மறுக்கப்பட்டவரைக் காட்டிலும், மிக உயர்ந்த வாசல் மறுக்கப்பட்டவருக்கே கைகொடுக்கின்றன. அடுத்தது எண்ணிக்கை. கேம்பிரிட்ஜில் ஆண்டுக்கு அதிகம் போனால் ஐம்பது இடங்கள். அத்தகைய மாணவரை நேரே முதலாம் ஆண்டில் சேர்த்துக்கொண்டு, அந்த ஆண்டின் கற்பித்தலையே மெதுவாக்கக் கூடாதா என்ற கேள்விக்கு அந்த நிறுவனங்களிடம் நிறைவான விடை இல்லை. முதலாம் ஆண்டைத் தொடாமல் விட்டுவிட்டு அதற்கு முன்னால் ஒரு திண்ணையைக் கட்டுவது எளிது.

மறுபக்கத்தில், மெய்யியல் என்று பெயர்ப்பலகை மட்டும் வைத்த திட்டங்களும் உள்ளன. அவற்றில் 'கல்வித்திறன்', 'குறிப்பெடுக்கும் முறை', 'மேற்கோள் காட்டும் முறை' என்ற பொதுத் தாள்களே ஆண்டின் பெரும்பகுதியை நிரப்ப, மெய்யியல் ஒரு பருவத்தில் ஒரு தாளாக வந்து போகிறது. கட்டுரை எழுதுவதை எந்தப் பொருளும் இல்லாமல் தனியாகக் கற்பிக்கலாம் என்ற எண்ணம் இதற்கு அடியில் இருக்கிறது. பிரெஞ்சு மெய்யியலாளர் டேக்கார்ட்டின் முதல் 'தியான'த்தில், காண்பது கனவா நனவா என்று ஐயுறும் கனவு வாதம் எந்த எடுகூற்றில் நிற்கிறது என்று தேடும் மாணவர், அதைத் தேடும்போதே நெருங்கிப் படிக்கவும் கற்கிறார். டேக்கார்ட்டை எடுத்துவிட்டு நெருங்கிப் படிப்பதை மட்டும் கற்பிக்கப் புறப்பட்டால் வகுப்பில் தூக்கம்தான் மிஞ்சும். இத்தகைய ஆண்டுகளைத் துறைக்கு வெளியே உள்ள தனி மையங்கள் நடத்துவதும், குறுகிய ஒப்பந்தத்தில் வரும் ஆசிரியர்கள் கற்பிப்பதும் சிக்கலைக் கூட்டுகின்றன. அடுத்த ஆண்டு மாணவர் சந்திக்கப்போகும் பேராசிரியருக்கு அவர் என்ன படித்துவிட்டு வருகிறார் என்பதே தெரியாமல் போகிறது.

பணத்தைப் பேசாமல் இந்த மதிப்பீடு முழுமை பெறாது. அடித்தள ஆண்டுக்கும் முழுக் கட்டணமான 9,250 பவுண்டு வசூலிக்கப்பட்டுவந்தது. மாணவர் கடன் மூன்றாண்டுக்குப் பதில் நான்காண்டுக்கு ஏறியது. 2023 ஆகஸ்ட் முதல் சேர்ந்தவர்களுக்கு அந்தக் கடன் நாற்பது ஆண்டுகள் கழித்தே தள்ளுபடியாகும். அரசு நியமித்த, ஃபிலிப் ஆகர் தலைமையிலான குழு 2019இல் அளித்த அறிக்கை, பட்டத்தோடு ஒட்டிய அடித்தள ஆண்டுகளுக்குக் கடன் கொடுப்பதையே நிறுத்தலாம் என்றது. கல்லூரிகளில் நடக்கும் உயர்கல்வி நுழைவுப் படிப்பு, அதாவது 'ஆக்சஸ்' படிப்பு, குறைந்த செலவில் அதே வேலையைச் செய்கிறது என்பது அதன் வாதம். அதற்கு வலு உண்டு. ஆக்சஸ் படிப்புக்கு வாங்கிய கடன், பிறகு பட்டத்தை முடித்தால் தள்ளுபடி செய்யப்படுகிறது. மெய்யியலுக்கு மட்டும் அந்த வாதம் முழுதாகப் பொருந்துவதில்லை. செவிலியம், சமூகப்பணி போன்ற தொழில்களை நோக்கிய ஆக்சஸ் படிப்பு பல ஊர்களில் கிடைக்கும். மெய்யியலை மையமாக வைத்த ஒன்றை அருகில் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

அரசு கடனை நிறுத்தவில்லை. ஆனால் வகுப்பறையில் மட்டும் கற்பிக்கப்படும் பாடங்களின் அடித்தள ஆண்டுக்கு 2025-26 முதல் 5,760 பவுண்டு என்று உச்சவரம்பு விதித்தது. ஆய்வுக்கூடம் தேவைப்படும் பாடங்களுக்கு அதே ஆண்டில் 9,535 பவுண்டு வரை வாங்க அனுமதித்தது. இந்த உச்சவரம்புக்குக் காரணமான சேர்க்கைப் பெருக்கத்தில் மெய்யியலுக்குப் பங்கு மிகச் சிறிது. 2011-12இல் ஒன்பதாயிரத்துக்கும் குறைவாக இருந்த அடித்தள ஆண்டுச் சேர்க்கை பத்தாண்டில் எழுபதாயிரத்தை நெருங்கியது. அதில் ஏறக்குறைய பாதி வணிக மேலாண்மைப் படிப்புகள். வணிகப் படிப்பின் வீக்கத்துக்குக் கொடுத்த மருந்தை மெய்யியலும் விழுங்க நேர்ந்தது. நூலகமும் ஓர் ஆசிரியரும் போதும் என்பதால் மெய்யியல் மலிவான பாடம் என்று எண்ணுவதும் பிழை. பன்னிரண்டு பேர் கொண்ட கலந்துரையாடல் வகுப்பும், ஒவ்வொரு கட்டுரைக்கும் பத்தி பத்தியாக எழுதப்படும் திருத்தமும் ஆசிரியரின் நேரத்தைத் தின்பவை. அடித்தள ஆண்டின் பயன் முழுவதும் அங்கேதான் விளைகிறது.

மெய்யியலுக்கு முன் என்ன தயாரிப்பு வேண்டும் என்பது பற்றி மெய்யியலுக்கே சொந்தமான ஒரு பழைய விவாதமும் உண்டு. 'குடியரசு' நூலில் பிளேட்டோ, கணிதத்தில் பத்தாண்டு தேர்ந்த பிறகு முப்பது வயதில்தான் வாதக்கலையைத் தொடவேண்டும் என்கிறார். முன்பே தொட்டால் இளைஞர்கள் அதை விளையாட்டாக்கிக் கண்டவரையெல்லாம் மடக்கித் திரிவார்கள் என்ற அச்சம் அவருக்கு. அரிஸ்டாட்டில் கணிதத்தைக் கேட்கவில்லை, வாழ்க்கை அனுபவத்தைக் கேட்டார். அது இல்லாத இளைஞர் ஒழுக்கவியல் விரிவுரைக்கு ஏற்றவர் அல்லர் என்பது அவர் கருத்து. எபிக்யூரஸோ எந்த வயதும் மெய்யியலுக்கு முந்தியதோ பிந்தியதோ ஆகாது என்று இருவரையும் தள்ளிவிட்டார். அரிஸ்டாட்டிலின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை விளைகிறது: பிள்ளைகளை வளர்த்து, நோயாளிப் பெற்றோரைப் பார்த்து, வேலையை இழந்து, முப்பத்தைந்து வயதில் அடித்தள ஆண்டுக்கு வருபவரே கடமை, நலம், இறப்பு பற்றிய வகுப்புக்கு ஆயத்தமானவர், மூன்று ஏ வாங்கி நேரே வந்த பதினெட்டு வயதுக்காரருக்குத்தான் பூச்சிய ஆண்டு தேவை. இதை முழுவதும் வேடிக்கை என்று தள்ளிவிட முடியாது. வயதும் பின்னணியும் கலந்த வகுப்பில் மருத்துவரின் பொய் பற்றிய விவாதம் பாடநூல் எடுத்துக்காட்டாக நின்றுவிடாது, ஏனெனில் அங்கே இருப்பவர்களில் சிலர் அந்தப் படுக்கையின் அருகில் நின்றிருப்பார்கள். அந்தச் செல்வத்தைத் தனி ஆண்டில் அடைத்துவைத்து மற்ற மாணவரிடமிருந்து பிரிப்பது இந்த ஏற்பாட்டின் பெருங்குறைகளுள் ஒன்று.

வெளிநாட்டு மாணவருக்கென்று நடத்தப்படும் அடித்தள ஆண்டு தனி வகை. அதில் மொழிப்பயிற்சிக்கும் வணிக நோக்கத்துக்கும் பங்கு அதிகம். இலங்கையிலிருந்து செல்லும் தமிழ் மாணவர் இங்கே சற்று நிதானிக்கலாம். அங்கே உயர்தரப் பரீட்சையில் அளவையியலும் விஞ்ஞானமுறையும் ஒரு பாடமாகவே இருப்பதால், அதைப் படித்தவர் வாதத்தின் வலிமை பற்றி இங்கிலாந்துப் பள்ளி மாணவர் பலரைவிட அதிகம் அறிந்தே செல்கிறார். அவருக்கு நேரடிச் சேர்க்கை கிடைக்குமா என்று கேட்டறியாமல் முகவரின் சொல்லைக் கேட்டு ஓர் ஆண்டுச் செலவை ஏற்பது வீண்.

நான்காண்டு என்ற நீளமும் இப்போது ஓர் ஆபத்து. 2024இல் கென்ட் பல்கலைக்கழகம் மெய்யியல் உள்ளிட்ட பல படிப்புகளைப் படிப்படியாக மூட முடிவெடுத்தது. மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தில் 2010இலேயே மெய்யியலை நிறுத்தும் முடிவு வந்தது. உள்ளே இருக்கும் மாணவர் படித்து முடிக்கும் வரை கற்பித்தல் தொடரும் என்ற உறுதிமொழி கொடுக்கப்பட்டாலும், ஆசிரியர்கள் ஒவ்வொருவராக விலகும் துறையில், மற்றவரைவிட ஓராண்டு கூடுதலாக இருக்கவேண்டியவரே கடைசியாக வெளியேறுகிறார்.

இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது கட்டண உச்சவரம்பின் விளைவு எதிர்பார்த்ததற்கு மாறாக அமையும் வாய்ப்பே அதிகம். மாணவருக்குக் கடன் குறைவது நல்லது, அதை எதிர்ப்பதற்கில்லை. ஆனால் 5,760 பவுண்டில் சிறு வகுப்பை நடத்த முடியாத பல்கலைக்கழகம் மெய்யியல் மாணவரை மற்றத் துறை மாணவரோடு பெரிய அரங்கில் உட்காரவைத்துப் பொதுத் திறன் தாளை நடத்தும், அல்லது திட்டத்தையே கைவிடும். கொடையாளர் பணம் உள்ள இரண்டு பழம்பெரும் பல்கலைக்கழகங்களில் மட்டும் பன்னிரண்டு பேர் வட்டமாக அமர்ந்து டேக்கார்ட்டைப் படிப்பது தொடரும். அங்கே நுழைய மூன்று பி வேண்டும். எந்தத் தகுதியும் இல்லாமல் ஒரு நேர்காணலை நம்பி வருகிறவருக்கு அந்த வட்டத்தில் இடம் கொடுக்கும் செலவை ஏற்பது துறையா, பல்கலைக்கழகமா, அரசா என்பதை உச்சவரம்பை விதித்த அரசு இன்றுவரை தீர்த்துவைக்கவில்லை.